கடலைக்காட்டில் மயில்: தோற்றம், தீனி, பழக்கம் – தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 கொறங்காட்டான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க காடு தாராபுரத்துக்குக் கிழக்கால. பாதி கொறங்காடு, மாடு மேயுது. மீதி மேட்டாங்காடு, ஆடி மழைக்கு அதுல கடலை விதைச்சேன். விதைச்ச மறுநாள் பளபளன்னு விடியறப்பவே மயில் இறங்கிருச்சு. சால் தப்பாம நடக்குது. கோழி சீய்க்கற மாதிரியே மண்ணைக் காலால பின்னுக்குத் தள்ளி, ஒரு பக்கமாத் தலையைச் சாய்ச்சுப் பார்த்து, ஒவ்வொரு பருப்பாப் பொறுக்குது. ஒரு மூலையில மொளப்பே வரலைங்க.

எங்க அப்பாரு காலத்துல மயிலைப் பார்க்கணும்னா மலையடிவாரத்துக்குப் போகணும். இப்ப வீட்டுத் திண்ணையில வந்து நிக்குது. அதை விரட்ட எனக்கும் மனசு வரலை, விட்டாலும் வெள்ளாமை போகுது.

மூணு விஷயம் தெரியணுமுங்க. வர்றதுல பாதி கழுத்து நீலமா இருக்கு, ஆனா தோகை இல்லை. அது ஆணா பொண்ணா? ரெண்டாவது, மயில் பாம்பைத் தின்னும், அதனால காட்டுக்கு நல்லதுங்கறாங்க. நெசமா என்னதான் தின்னுது? மூணாவது, அதுக்குத் தீங்கு பண்ணாமக் கடலையைக் காப்பாத்த என்ன வழி? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 பறவைநோக்கி

வணக்கம் அண்ணா. முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நீலக் கழுத்து இருந்தால் ஆண்தான். பெண்ணுக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதி பளபளக்கும் பச்சை. முதுகு மங்கின பழுப்பு, வயிறு வெளுப்பு. கொண்டை இரண்டுக்குமே உண்டு. ஆணின் கொண்டையில் ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் நீலப்பச்சை விசிறி; பெண்ணின் கொண்டை நுனி செம்பழுப்பு கலந்தது. சந்தேகம் வந்தால் மடக்கிய இறக்கையைப் பாருங்கள். ஆணுக்கு அங்கே கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும். அது பறந்து எழும்போது இறக்கையின் வெளி இறகுகள் செங்காவி நிறத்தில் பளிச்சென்று தெரியும்.

தோகை இல்லாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வயது. ஆண் குஞ்சுக்கு இரண்டாம் வருடத்தில்தான் தோகை எட்டிப் பார்க்கத் தொடங்கும். முழுத் தோகை வர நான்கு வயது ஆகிவிடும். இன்னொன்று, பருவம். இணைசேரும் காலம் முடிந்ததும், ஆகஸ்டு வாக்கில், வளர்ந்த ஆண்களும் தோகையை உதிர்த்துவிடும். தை, மாசிக்குள் புதுசு வளர்ந்துவிடும். ஆடி, ஆவணியில் உங்கள் காட்டில் தோகை இல்லாத ஆண்கள் நிற்பது இயல்புதான், நோய் எதுவும் இல்லை.

நாம் தோகை என்று சொல்வது வால் அல்ல. வாலுக்கு மேலே முதுகில் முளைக்கிற இறகுகள்தான் அப்படி நீளுகின்றன. நிஜ வால் அதற்கு அடியில் இருக்கிறது: பழுப்பு நிறம், குட்டை, 20 இறகு. ஆடும்போது பின்னால் போய்ப் பாருங்கள். அந்தப் பழுப்பு வால் விறைத்து நின்று மொத்தத் தோகையையும் முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கும். தோகையில் 150 முதல் 200 இறகுகள் வரை இருக்கும். எல்லாவற்றிலும் கண் கிடையாது. ஓரத்தில் இருப்பவை வாள் போல ஒரு பக்கம் மட்டும் தூவி நீண்டவை. எல்லாவற்றையும் விட நீளமானவை கண் இல்லாமல் நுனியில் மீன்வால் போலக் கவைத்து முடியும். விரித்த தோகையின் வெளி விளிம்பில் பிறை பிறையாகத் தெரிவது அந்த நுனிகள்தான்.

தலை முதல் வால் வரை ஆண் ஒரு மீட்டர் சொச்சம்; தோகையோடு சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். எடை 4 முதல் 6 கிலோ. பெண் 4 கிலோவுக்குள்.

#3 விராலிமலைக்காரி

எங்கள் ஊரில் முருகன் கோவில் மலையைச் சுற்றி மயில் எப்போதும் உண்டு. படியேறும்போது பாறை இடுக்கில் பீலி கிடக்கும், குழந்தைகள் போட்டி போட்டுப் பொறுக்குவார்கள்.

பீலி கையில் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெளிச்சம் அதன் மேல் விழும்படி வைத்தால் நீலம், பச்சை, வெண்கலம். அதையே சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் ஊடுருவி வரும்படி பார்த்தால் வெறும் பழுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் வாய் பிளந்து நிற்கிறார்கள்.

#4 பறவைநோக்கி

அருமை டீச்சர். அந்த இறகில் இருக்கும் சாயம் கருநிறமி ஒன்றுதான். நீலத்துக்கும் பச்சைக்கும் தனிச்சாயமே கிடையாது. இறகின் நுண்ணிழைகளுக்குள் அந்த நிறமிக் குச்சிகள் கட்டம் கட்டமாக, ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இடைவெளி துளி மாறினால் திருப்பி அனுப்பும் ஒளியின் நிறமும் மாறிவிடும். சீன ஆய்வாளர்கள் 2003இல் இதை மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்துக் காட்டினார்கள். 1665இலேயே ராபர்ட் ஹூக் தன் நுண்ணோக்கியில் மயிலிறகை வைத்துப் பார்த்து, நனைத்தால் நிறம் போய்விடுகிறது, அதனால் இது சாயம் அல்ல என்று எழுதிவிட்டார்.

அதனால்தான் எத்தனை வருடம் ஆனாலும் வீட்டில் செருகி வைத்த பீலி வெளுப்பதில்லை.

#5 கால்நடை மருத்துவன்

தீனி பற்றி நான் எழுதுகிறேன். இரையாடும் விதத்தில் மயிலைக் கோழி என்றே வைத்துக்கொள்ளுங்கள், குடும்பமும் ஒன்றுதான். காடை, கவுதாரி, காட்டுக்கோழி எல்லாம் இதன் பங்காளிகள். கோழி எதைத் தின்னுமோ அதையெல்லாம் மயிலும் தின்னும், அளவுதான் பெரிது.

தானியத்தில் கம்பு, சோளம், நெல், ராகி, மக்காச்சோள விதை. பயறில் தட்டை, கொள்ளு, உளுந்து. கடலை என்றால் உயிர். தக்காளி, மிளகாய், கீரை, இளங்குருத்து, பூவிதழ் எதையும் விடாது. காட்டில் இலந்தைப் பழம், ஆல், அத்தி. குஜராத்தின் கிர் காட்டில் உதிர்ந்து கிடக்கும் இலந்தைப் பழம்தான் அதற்குப் பெருந்தீனி. இத்தனையும் போக உயிர்த்தீனி: கறையான், ஈசல், வெட்டுக்கிளி, வண்டு, புழு, பூரான், தேள், ஓணான், அரணை, எலிக்குஞ்சு, சின்னப் பாம்பு.

மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பும்போது மயிலைப் பாருங்கள். புற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாசலில் எட்டிப் பார்க்கும் ஈசலை ஒவ்வொன்றாகக் கொத்தும். ஓணான் என்றால் அப்படியே விழுங்காது. தலையில் ஓங்கிக் கொத்தி, தரையில் அடித்து, அது அசைவு அடங்கிய பிறகு தலைப்பக்கமாக விழுங்கும்.

கொஞ்சம் சரளைக்கல்லையும் சேர்த்து விழுங்கும். அரைக்கப் பல் இல்லையே, வயிற்றுக்குள் அந்தக் கல்தான் தானியத்தை அரைக்கிறது.

குஞ்சுகளுக்கு ஆரம்ப வாரங்களில் பூச்சிதான் ஆகாரம். தாய் ஒன்றைக் கொத்தி அலகு நுனியில் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்கும், குஞ்சு ஓடி வந்து அலகிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கொறங்காட்டுப் புல் பூச்சிகளுக்கு நல்ல இடம். குஞ்சோடு திரியும் பெண் மயிலை உங்கள் பக்கம் அங்கேதான் அதிகம் பார்க்கலாம்.

#6 வெள்ளோட்டார்

பாம்பு விஷயத்துக்கு வாங்க சார். எங்க தோட்டத்துல மயில் வந்ததுக்கு அப்புறம் பாம்பே இல்லைன்னு எங்க சித்தப்பா அடிச்சுச் சொல்றாரு.

#7 கால்நடை மருத்துவன்

சின்னப் பாம்பு, பாம்புக்குட்டி கிடைத்தால் தின்னும், அதில் சந்தேகமில்லை. வளர்ந்த நாகம் என்றால் நான்கைந்து மயில் சுற்றி நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, கத்திக்கொண்டே கூடவே நடக்கும். சில நேரம் கொத்தும். பெரும்பாலும் பாம்பு ஏதாவது பொந்துக்குள் போய்விடும், மயிலும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். முருகன் படத்தில் மயிலின் காலடியில் பாம்பு இருப்பதைப் பார்த்துப் பார்த்து, மயிலின் முழுநேர வேலையே பாம்பு பிடிப்பது என்று நமக்குப் பதிந்துவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மயில் தின்பது நமக்குப் பிடிக்காத பாம்பை மட்டும் அல்ல. அரணையும் ஓணானும் நம் வயலில் பூச்சியைத் தின்கிறவை. ஒரு ஏரியாவில் மயில் அளவுக்கு மீறிப் பெருகினால் இவற்றுக்கும் அது பாரம்தான். மயில் வந்தால் காட்டுக்கு நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

#8 வன்னியன் மகன்

வணக்கம். நான் முல்லைத்தீவுப் பக்கம். எங்கட இடத்தில மயில் ஆதியிலிருந்தே கிடக்கு. குளக்கட்டு, வயற்கரை, பற்றைக்காடு எல்லா இடமும் நிக்கும். கச்சான், அதுதான் உங்கட கடலை, போட்டால் காவல் இல்லாமல் முடியாது. பயறு, கௌபி (உங்கட தட்டை) போட்டாலும் அதே கதைதான்.

இஞ்ச ஆடுற காலம் உங்கட ஊரை விட முந்தி. மாரி மழை முடிஞ்ச கையோட, தை மாசத்திலயே ஆண் மயில் விரிக்கத் தொடங்கிவிடும், பங்குனி மட்டும் ஆடும். யால, குமண, வில்பத்து வனப்பூங்காக்கள் பக்கம் போனாலும் அந்த மாசங்களில்தான் வடிவாப் பார்க்கலாம். முந்தி மயில் எண்டால் வறண்ட வலயத்துப் பறவை. இப்ப தெற்கில ஈர வலயத்துப் பக்கமும் வந்திட்டுது எண்டு அங்க இருக்கிற தோழர்மார் சொல்லினம்.

ஒண்டு கேக்கவேணும். மயில் மழையைக் கண்டுதான் ஆடும் எண்டு எல்லாரும் சொல்லினம். இஞ்ச மழை விட்ட பிறகுதானே ஆடுது?

#9 பறவைநோக்கி

நல்ல கேள்வி அண்ணை. ஆட்டம் மழைக்காக அல்ல, பெண்ணுக்காக. வட இந்தியாவில் இணைசேரும் காலமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. மேகம் கறுத்தால் மயில் ஆடும் என்ற பேச்சு அந்தப் பொருத்தத்தில் வந்தது. தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசி உச்சம். உங்களிடம் தை முதல் பங்குனி. குஞ்சு பொரிக்கும்போது பூச்சியும் புல்லும் கிடைக்க வேண்டும், பருவம் அதற்கேற்ப அந்தந்த ஊரில் அமைந்திருக்கிறது.

ஆட்டத்தைக் கிட்டே இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆண் எடுத்த எடுப்பில் முகத்தைக் காட்டாது. பெண் வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டு செங்காவி இறக்கைகளைப் படபடவென்று அடிக்கும். பெண் நெருங்கி வந்ததும் சட்டென்று திரும்பி, தோகையை முன்னுக்குச் சாய்த்து ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். அப்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும், பனையோலையில் மழை அடிப்பது போல. அதில் ஒரு விந்தை: வினாடிக்கு 25 முறை வாக்கில் இறகுகள் அதிர்கின்றன, ஆனால் கண்கள் மட்டும் காற்றில் அறைந்து வைத்தது போல அசையாமல் நிற்கின்றன. இந்தச் சிலிர்ப்பில் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியும் எழுகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. மயிலின் கொண்டை இறகுகளே அந்த அதிர்வுக்குக் கூடவே அதிரும்படி அமைந்திருக்கின்றன என்று 2018இல் இன்னொன்று. அதாவது பெண் மயில் ஆட்டத்தைத் தலையாலும் உணர்கிறதாக இருக்கலாம்.

வெயில் இருந்தால் பெண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, சூரியனுக்குச் சுமார் 45 பாகை சாய்வாக நிற்கும். பீலியின் நிறம் வெளிச்சம் விழும் கோணத்தைப் பொறுத்தும் மாறும், அந்தக் கோணத்தை மயிலே தேர்ந்துகொள்கிறது!

#10 விராலிமலைக்காரி

பெண் மயில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது? கண்ணின் எண்ணிக்கையா? நான் பார்த்த வரைக்கும் ஆண் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருக்கும், பெண் தன்பாட்டுக்குக் கீழே எதையோ கொத்திக்கொண்டிருக்கும்.

#11 பறவைநோக்கி

அந்தக் கேள்வி டார்வினையே படுத்தி எடுத்தது. மயில் தோகையில் ஓர் இறகைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது என்று 1860இல் நண்பர் ஆசா கிரேவுக்குக் கடிதம் எழுதினார். பிழைப்புக்கு உதவாத இவ்வளவு பெரிய ஆடம்பரம் எப்படி வந்தது என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. பெண்ணின் தேர்வுதான் இதை வளர்த்திருக்கிறது என்ற முடிவுக்குப் பிறகு வந்தார்.

1990களில் இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் மேரியன் பெட்ரி பார்த்தபோது, கண் அதிகம் உள்ள ஆண்களுக்குத்தான் இணை அதிகம் கிடைத்தது. அவற்றின் குஞ்சுகள் நன்றாகத் தேறின என்றும் காட்டினார். ஜப்பானில் ஏழு வருடம் கவனித்துவிட்டு தகாஹாஷி குழு 2008இல் அப்படியொரு தொடர்பே இல்லை என்றது. 2013இல் பெண் மயில்களின் தலையில் குட்டிக் காமிராவைக் கட்டி, பார்வை எங்கே போகிறது என்று பார்த்தார்கள். தோகையின் மேல்பகுதியை அவை அவ்வளவாகப் பார்க்கவே இல்லை, கீழ்ப்பகுதியைத்தான் இடமும் வலமுமாக நோட்டம் விட்டன. டீச்சர், கொத்துவது போலக் கீழே குனிந்திருக்கும்போதும் அது அளந்துகொண்டுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தோகை பெரிய சுமை என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தோகையோடும், தோகையை வெட்டியபின்னும் ஆண் மயில் மேலெழும் வேகத்தை அளந்து பார்த்ததில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை என்று 2014இல் ஆய்வு வந்திருக்கிறது.

#12 வெள்ளோட்டார்

ஆண் மயிலோட கண்ணீரைக் குடிச்சுத்தான் பெண் மயில் கருத்தரிக்கும்னு எங்க ஊர்ல இன்னமும் சொல்றாங்க. டிவியிலகூட வந்துச்சே?

#13 கால்நடை மருத்துவன்

வந்தது. 2017இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஓய்வு பெறும் நாளில் செய்தியாளர்களிடம் சொன்னார், நாடே பேசியது. ஆனால் மயிலும் சேவல், கோழி போலத்தான் சேர்கிறது. ஆண் பெண்ணின் முதுகில் ஏறி, இரண்டின் எச்சத்துவாரமும் ஒட்ட, சில வினாடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஆண் ஒரு தனிக்குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டுத் தூரத்தில் இருக்கும் பெண்களும் வருகின்றன. இணை சேராமலேயே அந்தக் குரலை மட்டும் எழுப்பி ஆள் சேர்க்கும் ஆண்களும் உண்டு என்று பதிவாகியிருக்கிறது.

அதன் பிறகு ஆணுக்கு வேலை இல்லை. பெண் தனியாகப் போய், வேலிக்கடியிலோ புதரிலோ தரையைச் சீய்த்துப் பள்ளமாக்கி 4 முதல் 8 முட்டை வரை இடும். மங்கிய வெள்ளை நிறம், கோழி முட்டையை விடப் பெரிது. 28 நாள் வாக்கில் பொரியும். குஞ்சு வெளியே வந்த கையோடு நடக்க ஆரம்பித்துவிடும்.

நம் சங்கப் புலவர்கள் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்! பாறையில் கான மயில் இட்ட முட்டையை, வெயில் காயும் முசுக் குரங்கின் குட்டி உருட்டி விளையாடுவதைக் கபிலர் குறுந்தொகையில் பாடியிருக்கிறார். தரையில் திறந்து கிடக்கும் முட்டைக்கு எத்தனை ஆபத்து என்பது அந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது.

#14 கொறங்காட்டான்

ஐயா, எங்க கிளுவை வேலிக்கடியில போன மாசம் அப்படி ஒரு கூடு இருந்துச்சுங்க. பொண்ணு அசையாம ஒட்டிப் படுத்திருந்துச்சு, கால் படற தூரம் வந்தப்புறந்தான் தெரிஞ்சுது. சருகு நிறமும் அது முதுகும் ஒண்ணுதான். இப்ப குஞ்சு கூட்டிட்டுத் திரியுது. நாய் வந்தாப் போதும், தாய் ஒரு சத்தம் குடுக்கும், குஞ்சு எல்லாம் கொழுக்கட்டைப் புல்லுக்குள்ள பதுங்கிரும்.

#15 மேட்டுப்பாளையத்தான்

எல்லாரும் மயிலைப் புகழ்ந்தே பேசுறீங்க. ஒரு விவசாயியா நான் கேட்கிறேன். போன பட்டத்துல தக்காளியில ஒரு பழம் முழுசா வீட்டுக்கு வரலை. ஒவ்வொண்ணுலயும் ஒரு கொத்து, அவ்வளவுதான், அப்புறம் அதை யார் வாங்குவாங்க? நட்டத்தைச் சொல்லிப் போன இடத்துல அலைய விட்டாங்களே ஒழிய ஒண்ணும் நடக்கலை. தேசியப் பறவைன்னா தேசம்தானே தீனி போடணும்? எங்க காடு மட்டும் ஏன் போடணும்? எண்ணிக்கையைக் குறைக்க ஒரு வழி பண்ணணும்.

#16 பறவைநோக்கி

உங்கள் கோபம் நியாயமானது. நட்ட ஈடு முறையாகவும் சீக்கிரமாகவும் கிடைக்க வேண்டும், அதற்காக எல்லோரும் சேர்ந்தே கேட்க வேண்டும். ஆனால் கொல்வது வழி இல்லை. 1963இல் தேசியப் பறவை ஆனது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலி, யானையோடு இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை.

விஷம் கலந்த தானியத்தைப் போட்டு மயில்கள் கூட்டமாகச் செத்த செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது, படிக்கும்போது வயிறு எரிகிறது. அந்த விஷம் மயிலோடு நிற்பதில்லை. கவுதாரி, மைனா, புறா, செத்ததைத் தின்னும் நாய், பருந்து எல்லாம் போகும். மேய்ச்சல் மாட்டுக்கும் ஆபத்து. தயவுசெய்து யாரும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எண்ணிக்கை கூடியிருப்பது உண்மை. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இலும் 2023இலும் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைகள் இரண்டுமே மயில் வெகுவாகப் பெருகியிருப்பதாகச் சொல்கின்றன. ஏன் என்பதற்கு ஒரே காரணம் இல்லை. சட்டமும் பக்தியும் காக்கின்றன. முட்டையையும் குஞ்சையும் பிடிக்கும் நரி நம் ஊர்ப்பக்கம் அருகிவிட்டது. தரிசெல்லாம் சீமைக்கருவேலம் மூடி மறைவிடம் ஆகிவிட்டது. பக்கத்திலேயே கிணற்றுப் பாசனத்தில் வருடம் முழுக்கத் தீனி. மறைவும் தீனியும் தண்ணீரும் ஒரே கூப்பிடு தூரத்தில் கிடைத்தால் எந்தப் பறவைதான் பெருகாது?

#17 பாலக்காட்டு மருமகன்

எங்கள் பக்கக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது மயில் பதிவாகவே இல்லை. இன்று பாலக்காட்டுப் பக்கம் சூலனூரில் மயிலுக்கென்றே சரணாலயம் இருக்கிறது, வயல் வரப்பெல்லாம் மயில்தான். வறண்ட, திறந்த நிலத்தை விரும்பும் பறவை கேரளத்தில் பரவுகிறதென்றால் நிலமும் தட்பவெப்பமும் மாறுவதற்கு அது அடையாளம் என்று அங்கே ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். எங்கள் மாமனார் மயிலைக் கண்டால் சந்தோஷப்படுவதில்லை, ஊர் வறண்டு வருகிறது என்றுதான் கவலைப்படுகிறார்.

எல்லா மயிலுக்கும் இந்த யோகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மியான்மார், வியட்நாம், ஜாவா பக்கம் இருக்கும் பச்சை மயில் அழியும் ஆபத்தில் இருக்கிறது. அதில் பெண்ணும் கிட்டத்தட்ட ஆணைப் போலவே பச்சையாக மினுங்கும். காங்கோ காட்டில் இன்னொரு சொந்தம் உண்டு, தோகை இல்லாதது. 1936இல்தான் அறிவியல் உலகத்துக்கு அப்படியொரு பறவை இருப்பதே தெரிந்தது.

#18 வன்னியன் மகன்

சரி, கொறங்காட்டான் அண்ணை கேட்ட மூண்டாவது கேள்விக்கு வருவம். எங்கட ஆக்கள் கச்சானுக்குக் காவல் இருக்கிற முறையைச் சொல்லுறன்.

மயிலுக்கு நேரம் இருக்கு. விடியப்புறம் மரத்தால இறங்கும், வெயில் ஏறும் மட்டும் மேயும். மத்தியானம் பற்றைக்குள்ள, நிழலுக்குள்ள படுக்கும், புழுதியில குளிக்கும். பேந்து வெயில் சாய வரும், இருட்ட முன்னம் தண்ணி குடிச்சிட்டு அதே மரத்துக்குப் போய் ஏறும். ஏறேக்க ஒவ்வொண்டாக் கத்தும். நாள் முழுக்க நிண்டு களைக்கத் தேவையில்லை. காலமையும் பின்னேரமும் நிண்டால் காணும்.

அடுத்தது வழி. மயில் பறந்து வந்து வயலுக்குள்ள விழுறது குறைவு, நடந்துதான் வரும். வேலியில ஒரு பொட்டு வழி வைச்சிருக்கும், தினமும் அதாலதான். ஈர மண்ணில காலடி பார்த்தால் தெரியும்: முன்னுக்கு மூண்டு விரல் அகலமா விரிஞ்சிருக்கும். அந்த வழியை அடைச்சால் பாதி வேலை முடிஞ்சுது.

#19 கால்நடை மருத்துவன்

வன்னித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நம் பக்கத்தில் பழைய சேலையை வேலி ஓரமாக ஆள் இடுப்பு உயரத்துக்குக் கட்டுகிறார்களே, அது பலிப்பதும் இதனால்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குள் மயில் நுழையத் தயங்கும். நரியோ நாயோ பதுங்கியிருக்குமோ என்ற பயம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. மினுங்கும் ரிப்பன், தகர டப்பா, பாட்டு எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அதனால் ஆபத்து இல்லை என்று கண்டுகொண்டால் ரிப்பனுக்கு அடியிலேயே மேயும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் சற்று நாள் கூடும்.

வலை போடுவதென்றால் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் கால் சிக்கி, இரவெல்லாம் அடித்துக்கொண்டு தொடை முறிந்த மயில்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றைப் பிழைக்க வைப்பது மிகக் கடினம். மின்வேலி வேண்டவே வேண்டாம், அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

தக்காளிக்காரருக்கு ஒரு யோசனை. முற்றுகிற பழத்தைச் செடியில் சிவக்க விடாமல், நிறம் திரும்பும்போதே பறித்துவிடுங்கள். காலைக் காவலை அந்தப் பறிப்பு வாரங்களில் மட்டும் பலப்படுத்துங்கள்.

#20 விராலிமலைக்காரி

ஒரு சந்தேகம். உதிர்ந்த பீலியை வீட்டில் வைத்திருப்பது குற்றமா? பெற்றோர் பயப்படுகிறார்கள்.

#21 பறவைநோக்கி

தானாக உதிர்ந்ததை வைத்திருப்பதற்குத் தடை இல்லை டீச்சர். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பிடுங்கியதா உதிர்ந்ததா என்பதை அடிக்குழலில் பார்த்துவிடலாம். உதிர்ந்தது வெள்ளையாக, காய்ந்து, சுத்தமாக இருக்கும். பிடுங்கியதில் ரத்தக் கறை இருக்கும். காவடிக்கோ விசிறிக்கோ கட்டுக்கட்டாக வாங்குகிறவர்கள் அந்த அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்ட பீலியாக இருந்தால் வாங்காமல் இருப்பது நல்லது.

#22 கொறங்காட்டான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காலையில போய் வேலியைச் சுத்திப் பார்த்தேன். வடக்கு ஓரத்துல கிளுவைக்கு நடுவுல மயில் நுழையற சந்து இருக்கு, மண்ணெல்லாம் காலடி. அங்கிருந்து இருபக்கமும் சேலை கட்டிட்டேன். ராத்திரி அடையறது எங்க காட்டு வெள்வேல மரத்துலதான். அதை வெட்டிப்போடுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார், முடியாதுன்னுட்டேன். மொளப்பு வராத மூலையில இன்னொருக்கா விதை ஊனியிருக்கேன். அது மேல வர்ற வரைக்கும் விடியக்காலமும் பொழுது சாயறப்பவும் நானும் பையனும் மாத்தி மாத்தி நிக்கறோம். மொளச்சு இலை விரிஞ்சுட்டா அப்புறம் கவலை இல்லீங்களா?

#23 வன்னியன் மகன்

கொஞ்ச நாளைக்கு நிம்மதி, அண்ணை. பூப்பூத்து விழுது இறங்கி, காய் பிடிக்கத் தொடங்கேக்க திரும்ப வரும். செடியின்ர அடியைக் கிளறி இளங்காயை எடுக்கும். சேலையைக் கழட்டிப்போடாமல் அப்பிடியே விடுங்கோ. காவலை அறுவடைக்கு முந்தின கிழமைகளுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குள்ள அந்தக் குஞ்சுகளும் மரம் ஏறப் பழகிவிடும். தாயோட சேர்ந்து அதுகளும் வயலுக்கு வரும், அதனால ஆள் கூடத் தேவைப்படும்.